கால் மறந்த மரம்

மிளா அப்படிக் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடமானை எங்கள் பக்கம் மிளா என்போம். ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிற வழியில், ஓடைக்கரையில், எத்தனையோ தடவை நேருக்கு நேர் பார்த்ததுண்டு. நம்மைக் கண்டதும் முன்னங்காலால் தரையில் ஒரு தட்டு, பிறகு மேட்டைப் பார்த்து ஒரே ஏற்றம். அதற்கும் நமக்கும் உள்ள பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அன்றைக்கு வெயில் ஏறத் தொடங்கிய நேரம். வெட்டின மரங்களில் பால் எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்தபோது கேட்ட சத்தம் வேறு. தகரத்தைப் பாறையில் போட்டு இழுக்கிற மாதிரி. நடுவில் ஒரு இருமல். மறுபடியும் இழுப்பு.

கடைசி வரிசைக்கு அப்புறம் ரப்பர் கிடையாது, காடுதான். அந்த விளிம்பில் ஒரு மரத்தடியில் கிடந்தது. பெட்டை. பைக் பிரேக் ஒயரில் செய்த சுருக்கு கழுத்தில் விழுந்து, அது இழுக்க இழுக்க உள்ளே போய், ஒயர் இருக்கிற இடமே தெரியவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புப் பிளவுதான் தெரிந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் மண் கிளறிப்போய் வேர் வெள்ளையாக வெளியே கிடந்தது. நாக்கைக் கடித்துப் பாதி துண்டாக்கியிருந்தது. நான் கிறுக்கி மாதிரி, கையிலிருந்த பால்வெட்டுக் கத்தியை வைத்து ஒயரை அறுத்துவிடலாம் என்று பக்கத்தில் போனேன். பட்டை சீவுகிற கத்தி, ஒயரை என்ன செய்யும்? பின்னங்காலால் ஒரே உதை. இடுப்பில் வாங்கினேன். வாளியோடு விழுந்தேன். ஒரு காலைப்பொழுதின் பால் முழுக்க மண்ணில் ஓடி, அதன் ரத்தத்தில் கலந்து, ரோஸ் நிறத்தில் உறையத் தொடங்கியது. எழும்ப முடியாமல் கிடந்து, ஒரு ஆள் தூரத்தில், அது சாகிறதைப் பார்த்தேன். அதன் கண் கடைசிவரை என்னையே பார்த்தது என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். அப்படியெல்லாம் இல்லை. அது யாரையும் பார்க்கவில்லை. ஒயரோடு சண்டை போட்டுக்கொண்டே செத்தது.

சத்தம் நின்ற பிறகுதான் மரத்தின் அடிமூட்டைக் கவனித்தேன். பிரேக் ஒயரின் மறுமுனையை அங்கே ஒரு கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டைப் பார்த்ததும் இடுப்பு வலி மறந்துபோனது.

ரப்பர் மரத்தில் பால் வடிகிற தேங்காய்ச் சிரட்டையை ஒரு கம்பி வளையத்தில் உட்கார்த்தி வைப்போம். அந்தக் கம்பியை ஆளாளுக்கு ஒரு மாதிரி முறுக்குவார்கள். எங்கள் அப்பாவுக்கு இடதுகைப் பழக்கம். இடப்பக்கமாக மூன்று முறுக்கு முறுக்கி, முனையை உள்ளே மடக்கிவிடுவார். இருட்டோடு போய்த் தடவும்போது கையில் குத்தாது. மற்றவர்கள் எல்லாரும் வலப்பக்கம். முனையும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடமுறுக்கு அப்பாவிடமிருந்து இரண்டே பேருக்கு வந்தது. ஒன்று நான். இன்னொன்று என் தம்பி.

அப்போது நான் எங்கள் ஊர் வனக்குழுவின் துணைத்தலைவி. வனத்துறைக்காரர்கள் வந்து கூட்டம் போட்டு, காட்டை ஊரும் சேர்ந்து காக்க வேண்டும் என்று கேட்டு உண்டாக்கின குழு. பால்வெட்டுகிற பெண்கள்தான் அதில் பாதிக்கு மேல். சுருக்கு கிடந்தால் எடுப்பது, வெளியாட்கள் நடமாட்டம் தெரிந்தால் சொல்வது, தை மாதம் காட்டு விளிம்பில் சருகும் புல்லும் இல்லாமல் பத்தடி அகலத்துக்குச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது. அதற்குப் பதிலாக உலர்ந்த விறகும் புல்லும் எடுத்துக்கொள்ளலாம். டீக்கடையில் எங்களுக்கு வைத்த பேர் ‘காட்டுக்க மருமக்கமாரு’. மண்வெட்டியோடு போகும்போது, மாமியார் வீட்டில் இன்றைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். மாமியாருக்கு வகிடு எடுக்கப் போகிறோம் என்று நான் சொல்வேன். நீளமாகச் செதுக்கின கோட்டை மேலே பாறையிலிருந்து பார்த்தால் வகிடு மாதிரிதான் இருக்கும். அந்தப் பதில் ஊரில் பரவிவிட்டது. நான் சொன்னதென்று தெரியாமல் என்னிடமே ஒருத்தி சொன்னாள்.

அப்படிப்பட்ட நான் அன்று காலையில் செய்த காரியம் இது. மரத்தடியில் குத்தவைத்து, இடப்பக்கமாக மூன்று சுற்று அவிழ்த்து, அந்தக் கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிரேக் ஒயரை அப்படியே விட்டேன். அதற்குப் பிறகுதான் குழுவின் வாட்ஸ்அப்பில் தகவல் போட்டேன். வனத்துறை கார்டு வந்தார், குழுத் தலைவர் வந்தார், படம் எடுத்தார்கள், புதைத்தார்கள். யார் வேலையாக இருக்கும் என்று கேட்டார்கள். இடுப்பில் உதை வாங்கினவளிடம் யார் அதிகம் கேட்பார்கள்? எனக்கு மஞ்சள் பற்றுப் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். கொல்லையில், உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற உருளை மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தான். கம்பியை அவன் முன்னால் தட்டில் எறிந்து, இது யார் முறுக்கு என்று கேட்டேன். எடுத்துப் பார்த்தான். சிரித்தான். அப்பாக்க முறுக்கு என்றான். அந்தச் சிரிப்புக்குத்தான் அறைந்தேன். இரண்டாவது அறைக்குக் கையோங்கியதும் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, என் விரல்களை உருளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, மறுகையால் மிஷின் பிடியைப் பிடித்தான். இன்னும் ஒரு அடி விழுந்தால் விரல் உள்ளே போகும் என்றான். சும்மா சொல்லவில்லை. ரப்பர் பாலின் புளித்த வாடையோடு அவன் மூச்சு என் முகத்தில் அடித்தது. உருளையின் குளிர்ச்சி நகத்தில் தெரிந்தது.

“அப்பாக்க முட்ட அடிச்சு ஒடச்சவனுவளுக்கு நீ காவலு நிக்க. வெக்கமா இல்லியாக்கா?”

அது பொய்யில்லை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு கட்டு விறகுக்காக, அப்போதிருந்த ஒரு கார்டு, அப்பா ஊன்றிவந்த கம்பைப் பிடுங்கி அதாலேயே அவர் முழங்கால் முட்டில் அடித்தார். எட்டு அடி. நானும் தம்பியும் சாலையோரம் நின்று பார்த்தோம். அப்பா அழவில்லை, கும்பிட்டார். ஒவ்வொரு அடிக்கும் கும்பிட்டார். அதற்குப் பிறகு அவர் குத்தவைத்ததே இல்லை. தம்பிக்குக் காடு என்றால் அந்தக் கும்பிடுதான். அவன் மிளா இறைச்சியைச் சேக்காளிகளுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பான். அதில் ருசியைவிட வீம்புதான் கூடுதல்.

“அடிச்சவன் செத்துப் போனான். இந்த மிளா ஆர அடிச்சுதுலே?” என்றேன்.

கையை விட்டான். நான் கீழே கிடந்த கம்பியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகினேன். பிறகு அங்கேயே ஒப்பந்தம் ஆனது. எல்லாச் சுருக்கையும் எடுத்துவிட வேண்டும், இனிப் போடக் கூடாது, நான் வாயைத் திறக்க மாட்டேன். எத்தனை போட்டாய் என்று கேட்டேன். “எண்ணியா போட்டேன்? காலுக்குத் தெரியும்” என்றான்.

வேறு யாராவது அந்தப் பதிலை ஒப்புக்கொள்வார்களா என்று தெரியாது. பால்வெட்டுக்காரி நான் ஒப்புக்கொண்டேன். விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் முந்நூறு மரம் வெட்டுகிறோம், ஒருநாளும் எண்ணினதில்லை. கால் தானாகவே மரத்துக்கு மரம் கொண்டுபோய் நிறுத்தும். இந்த மரத்துக்கு இரண்டு எட்டு, அடுத்ததற்கு மூன்று எட்டு, கல் கிடக்கிற இடத்தில் வளைவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவோம். மறுநாள் தம்பி முன்னால் நடந்தான், நான் பின்னால் நடந்தேன். அவன் கால் நின்ற இடமெல்லாம் ஒரு சுருக்கு இருந்தது. ஆறு எடுத்தான். தூர்ந்துபோன எஸ்டேட் கிணற்றில் போட்டோம். மிளா செத்த மரத்தில் அவிழ்த்த கம்பியை மட்டும் நான் போடவில்லை. வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு மரம் பால் வற்றிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வற்றின மரத்தில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத மரத்தில் கால் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்வெட்டு இல்லாத நாளில் போய், தம்பி அதனடியிலும் ஒன்று போட்டிருக்கிறான். எடுக்கப் போன அன்று அவன் காலும் அதைத் தாண்டிப் போனது. என் காலும் தாண்டிப் போனது.

பங்குனியில் தீ வந்தது. மேலே புல்மேட்டில் யாரோ வைத்தது, மத்தியானக் காற்றில் இறங்கியது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தீ என்றால் பழைய விசிலோடு வந்துவிடுவார். இரண்டு விசில் என்றால் முன்னால் போ, ஒன்று என்றால் நில். ஊரில் முப்பது பேர், பச்சைக் கொப்பு ஒடித்து, கோட்டில் நின்று அடித்தோம். தம்பியும் வந்தான். அவன் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். தீயென்றால் எல்லாருக்கும் முன்னால் நிற்பான்.

தீ ஓடுகிற சத்தம் பெருமழை ஓட்டில் விழுகிற சத்தம் மாதிரி இருக்கும். மூங்கில் மாதிரியான ஈத்தங்காடு வெடித்து வெடித்து விழுந்தது. பாம்பு எங்கள் காலுக்கு நடுவில் போனது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடி கருகுகிற வாடை, அது நம் முடியா வேறெதன் முடியா தெரியாது. ஒரு முயல் தீப்பிடித்தபடியே வகிட்டைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தது. அது ஓடின வழியெல்லாம் சருகு பற்றியது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் அதை மண்வெட்டியால் அடித்தாள். ஒரே அடி. அடித்துவிட்டு வாந்தியெடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொப்பை எடுத்தாள்.

அப்போதுதான் தீக்காவலர் எதிர்த்தீ வைக்கப் போனார். வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல், இங்கிருந்தே ஒரு தீயை அனுப்பி எரித்துவிடுவது. அதற்கு அவரைவிட்டால் ஆளில்லை. மேலே காணிக் குடியிருப்பிலிருந்து வருகிறவர். தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள்ளேயே இருக்கிற காணி மக்களில் ஒருவர். வேனல் மாதங்களில் துறை அவரைக் காவலுக்கு வைத்துக்கொள்ளும். நான் அண்ணன் என்பேன். காற்று திரும்பப் போகிறதை முதுகு வேர்வை காய்கிறதை வைத்துச் சொல்வார். பந்தத்தோடு கடைசி வரிசை ஓரமாக ஓடினார். வற்றின மரத்தடியில் விழுந்தார்.

தடுக்கி விழுந்தார் என்றுதான் நினைத்தோம். எழும்பவில்லை. சுருக்கு வலது பாதத்தின் நடுவில் இறுகியிருந்தது. இரண்டு பேர் ஓடிப்போய்க் கக்கத்தில் கைபோட்டு இழுத்தார்கள். இழுக்க இழுக்க ஒயர் உள்ளே போனது. அவர் கத்திய சத்தத்தில், எனக்கு மிளாவின் சத்தம் திரும்பக் கேட்டது. ஒருத்தர் வெட்டுக்கத்தியால் ஒயரை வெட்டினார். கத்தி வழுக்கிக் காலிலேயே விழுந்தது. தலைவர் ஒற்றை விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார், தீ நிற்கும் என்கிற மாதிரி. சருகு பற்றி மரத்து மூட்டுக்கு வந்துவிட்டது.

தம்பி என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். ஆளைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. நேரே மரத்தடியில் முட்டுக்குத்தி, எரிகிற சருகுக்குள் இரண்டு கையையும் விட்டான். இழுக்காதீங்க என்று மட்டும் சொன்னான். கண்ணில் புகை, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். மடக்கின முனையை நகத்தால் கிளப்பி, இடப்பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று. கம்பி பழுத்திருந்தது. உள்ளங்கைத் தோல் அதோடு போனது. கட்டு விட்டதும் அண்ணனை ஒயரோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்களுக்குப் பின்னால் அந்த மரம் பற்றியது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். தம்பிக்கு இரண்டு கையிலும் கட்டு. ஊரில் அவன் பெரிய ஆளாகிவிட்டான். சுருக்கு யாருடையது என்ற கேள்விக்கும் டீக்கடை இரண்டே நாளில் பதில் கண்டுபிடித்துவிட்டது: காணிக்காரன் வைத்தது, வைத்தவனே மாட்டினான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். துறையிலிருந்து ஆட்கள் போய்க் காணிக் குடியிருப்பில் வீடு வீடாகப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அண்ணனைக் காவல் வேலையிலிருந்து நிறுத்தி, அவர் பேரில் வழக்குப் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

“ஒனக்க தம்பி அந்தக் கம்பிய நோக்காமலே அவுத்தான். எடத்தோட்டு மூணு சுத்து. நான் கண்டேன்.”

குழுக் கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணே, நான் தடுக்க மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார்.

“நான் சொன்னா காணி கள்ளம் சொல்லுகான்னு போவும். காப்பாத்தினவனையே காட்டிக்குடுக்கான்னும் சொல்லுவினும். நீ சொல்லு பிள்ளே.”

தூக்குப்பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோகச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது ஒரு பக்கம் தம்பியின் வெந்த கை, ஒரு பக்கம் அவருடைய பாதிக் கால். எதைத் தூக்கி எங்கே வைத்தாலும் தராசு நிற்கவில்லை. ஊருக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். வீட்டுக்குப் போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து அந்தக் கம்பியை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். கார்டும் வந்திருந்தார். தம்பிக்கு மாலை வாங்கி வைத்திருந்தார்கள். முதலில் அதைப் போட்டார்கள். பிறகு தலைவர், சுருக்கு வைத்தது யாரென்று குழு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் காணிக் குடியிருப்பின் பேரை எடுத்தார். நான் எழும்பி முன்னால் போனேன். பேசினால் நாக்குத் தடுமாறும் என்று தெரியும். அதனால் பெஞ்சுக் காலில் அந்தக் கம்பியைச் சுற்றி, இடப்பக்கமாக மூன்று முறுக்கு முறுக்கி, முனையை உள்ளே மடக்கினேன். பால்வெட்டுக்காரர்கள் நிறைந்த ஹால். ஒவ்வொருத்தர் முகமாக மாறுவதைப் பார்த்தேன்.

“இது எங்க வீட்டு முறுக்கு. மிளா செத்த மரத்துல இருந்து நான்தான் அவுத்து ஒளிச்சு வச்சேன். அண்ணனுக்க கால்ல கெடந்ததும் இதே கட்டுதான். காணிக்குடியில ஒருத்தருக்கும் இந்த முறுக்கு தெரியாது.”

தம்பி மாலையோடு எழும்பினான். பிறந்ததிலிருந்து என்னை அக்கா என்றல்லாமல் கூப்பிட்டதில்லை.

“ஏட்டி,” என்றான்.

கட்டுப் போட்ட கையாலேயே அடித்தான். முதல் அடியில் என் பல் ஒன்று போனது. இரண்டாவது அடியில் அவன் கட்டு அவிழ்ந்தது. மூன்றாவது, நான்காவது எல்லாம் பச்சைப் புண்ணால் அடித்தான். என் முகத்தில் வழிந்ததில் எது என் ரத்தம், எது அவன் ரத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாலு பேர் பிடித்து இழுக்கிறவரை அடித்தான். பிடித்த பிறகு, கையைத் தூக்கிப் பார்த்து, அப்போதுதான் வலி தெரிந்தவன் மாதிரி ஓவென்று அழுதான். நான் கும்பிடவில்லை. அதை மட்டும் நினைப்பில் வைத்திருந்தேன்.

தம்பியைக் கார்டு கூட்டிக்கொண்டுபோனார். வழக்கு, ஜெயில், ஜாமீன், எல்லாம் முறையாக நடந்தது. ஒளித்ததற்காக என்னைத் துணைத்தலைவி பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். எடுக்காவிட்டால் நானே போயிருப்பேன். அண்ணன் பேரில் வழக்கு வரவில்லை. அடுத்த வேனலுக்கு, பாதிக் காலோடு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். ஓட முடியாது, நின்ற இடத்தில் நின்று எங்களை ஓடவைப்பார். அவர் வந்ததும் ஒரே ஒரு சட்டம்தான் போட்டார். சுருக்கு தேடும்போது கால் போகிற போக்கில் போகக் கூடாது. ஒவ்வொரு மரமாகக் குனிந்து, மூட்டைச் சுற்றிக் கையால் தடவி, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெட்டுகிற மரமானாலும் சரி, வற்றின மரமானாலும் சரி.

போன தை மாதம் வகிடு எடுக்கப் போனோம். நான் இப்போது சும்மா ஒரு மண்வெட்டிக்காரி. முன்பல் இல்லாததால் டீக்கடைக்காரர்களுக்குப் பதில் சொன்னால் காற்றுப் போகிறது, ஆனாலும் சொல்கிறேன். தம்பி வந்து தூரமாக நின்றான். கூட்டத்துக்கு அப்புறம் அவன் என்னோடு பேசினதில்லை. வெளியே வந்ததிலிருந்து அடுத்த தோட்டத்தில்தான் பால்வெட்டுகிறான். உள்ளங்கை சரியாக மடங்காததால் கத்தியைத் துணிவைத்துக் கட்டிக்கொண்டு வெட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் கம்பைத் தூக்கிக் கடைசி வரிசையைக் காட்டினார்.

தம்பி போனான். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினான், தலையைத் திருப்பவில்லை. முதல் மரத்தடியில் குனிந்து, மடங்காத கையால் மூட்டைச் சுற்றித் தடவினான். “ஒண்ணு” என்றான். அடுத்த மரம். “ரெண்டு.” நான் செதுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். எரிந்து கரிக்கட்டையாக நிற்கிற அந்த மரத்துக்கு வந்தபோது அவன் கால் ஒரு எட்டுத் தாண்டிவிட்டது. நின்றான். திரும்பி வந்தான். குனிந்து, கரியைச் சுற்றி, ஒரு முழுச் சுற்றுத் தடவினான்.

“பதினேழு” என்றான். அதைக் கொஞ்சம் கூடுதல் சத்தமாகத்தான் சொன்னான்.